காட்டின் வரைபடம் யார் கையில்?

மரம் வெட்டும் தொழில் என்றதும் கோடரியும் ரம்பமும் யானையுமே நம் கண்முன் வருகின்றன. பின்லாந்திலும் ஸ்வீடனிலும் இன்று அந்தத் தொழில் கம்ப்யூட்டர் திரையில் தொடங்குகிறது. ஆகாய விமானத்திலிருந்து லேசர் ஒளியைக் கீழே வீசுகிறார்கள். அது மர உச்சியிலும் தரையிலும் பட்டுத் திரும்பும் நேரத்தை அளந்து, தரையின் மேடு பள்ளத்தையும் மரத்தின் உயரத்தையும் கணக்கிடுகிறார்கள். பின்லாந்தில் காட்டை 16 மீட்டருக்கு 16 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்குக் கட்டம் எந்த இன மரம், என்ன உயரம், எத்தனை கன மீட்டர் என்று பதிந்து வைத்திருக்கிறார்கள். 2018 முதல் இந்த விவரங்கள் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டிருக்கின்றன. ஸ்வீடனில் மண்ணின் ஈரத்தை 2 மீட்டர் நுணுக்கத்தில் காட்டும் படத்தை அந்நாட்டு விவசாயப் பல்கலைக்கழகம் தயாரித்திருக்கிறது.

மரத்தை அறுப்பதைவிட, அறுத்த மரத்தைக் காட்டுக்குள்ளிருந்து சாலையோரம் கொண்டுவந்து சேர்ப்பதே கஷ்டமான காரியம் என்பது கூப்பு வேலை பார்த்த எவருக்கும் தெரியும். அங்கே அந்த வேலையைச் செய்யும் யந்திரம் சுமையோடு சேர்ந்து 30 டன்னையும் தாண்டக்கூடிய எடையுள்ளது. ஈர மண்ணில் அது ஒரு தடவை இறங்கினால் உழவு போட்டதுபோல் ஆழமான பள்ளம் விழும். வேர்கள் அறுபடும், மண் இறுகும், மழை பெய்ததும் சேறு ஓடைக்குப் போகும். வரைபடம் கையிலிருந்தால் எங்கே சதுப்பு, எங்கே சரிவு, எந்த இடத்தில் பனிக்காலத்தில் தரை உறைந்த பிறகே இறங்க வேண்டும் என்பதை முன்கூட்டியே தீர்மானிக்கலாம். வெட்டும் யந்திரம் ஒவ்வொரு துண்டின் நீளத்தையும் விட்டத்தையும் அளந்து, அது கிடக்கும் இடத்தைச் செயற்கைக்கோள் உதவியால் குறித்துவைக்கிறது. பின்னால் வரும் ஏற்று யந்திரத்தின் டிரைவருக்கு எந்தக் குவியல் எங்கே கிடக்கிறது என்பது திரையில் தெரிகிறது. இருட்டிலும் வழி தவறாது. வீண் ஓட்டம் குறைகிறது, டீசல் மிச்சமாகிறது.

இதையெல்லாம் நாம் வரவேற்கிறோம். யந்திரத்தைக் கண்டு மிரளுவது தொழிலாளி வர்க்கத்தின் வேலையல்ல. ஒரு மரத்தை வீணாக்காமல், ஒரு ஓடையைக் கெடுக்காமல், ஒரு மனிதனின் முதுகை ஒடிக்காமல் காட்டிலிருந்து மரம் எடுக்க முடியுமானால் அந்த விஞ்ஞானம் உழைக்கும் மக்களின் சொத்தாக இருக்க வேண்டும். இன்று அது அப்படி இருக்கிறதா? மிச்சமான டீசலும் நேரமும் எவருடைய பேரேட்டில் வரவு வைக்கப்படுகின்றன?

அந்நாடுகளில் மரம் வெட்டும் யந்திரங்களில் பெரும்பாலானவை சிறு ஒப்பந்தக்காரர்களுடையவை. பெரும் கடன் வாங்கி யந்திரத்தை வாங்குகிறார்கள். மரக் கம்பெனி வெட்டிய அளவுக்குப் பணம் தருகிறது. யந்திரத்திலுள்ள கம்ப்யூட்டர் மரத்தை அளப்பதோடு நின்றுவிடுவதில்லை. அதை ஓட்டும் தொழிலாளி மணிக்கு எத்தனை கன மீட்டர் வெட்டினார், எத்தனை நிமிஷம் நிறுத்தினார் என்பதையும் அளந்து எழுதுகிறது. வேலை எளிதானதும் ஓய்வு கூட வேண்டும் என்பதுதான் நியாயம். மூலதனத்தின் நியாயம் வேறு. வேலை எளிதானதும் அது வேகத்தைக் கூட்டுகிறது.

வேகம் கூடினால் என்ன நடக்கும் என்பதற்கு 2024 ஆகஸ்டில் பின்லாந்தே ஒரு சாட்சியம் தந்தது. அந்நாட்டின் கிழக்கே சுவோமுஸ்ஸால்மி பகுதியில் ஹுக்கயோக்கி என்று ஒரு சிற்றாறு ஓடுகிறது. அதன் அடியில் நன்னீர் முத்துச் சிப்பிகள் வாழ்ந்தன. நூறு வயதையும் தாண்டி வாழும் இந்த உயிரை அந்நாட்டுச் சட்டம் 1955 முதல் பாதுகாத்துவருகிறது. ஸ்டோரா என்சோ என்ற பெரும் மரக் கம்பெனிக்காக வெட்டு வேலை நடந்தபோது, கனரக யந்திரங்கள் அந்த ஆற்றின் குறுக்கே திரும்பத் திரும்ப ஓட்டப்பட்டன. ஆயிரக்கணக்கான சிப்பிகள் நசுங்கியும் சேற்றில் மூச்சு முட்டியும் மடிந்தன. கம்பெனி மன்னிப்புக் கேட்டது. உலகிலேயே மிக நுட்பமான வன வரைபடங்களைக் கொண்ட நாடுகளில் ஒன்றில் இது நடந்தது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஆறு அங்கே இருப்பது வரைபடத்துக்குத் தெரியாதா? எந்தக் கருவியும், தன்னைக் கையில் வைத்திருப்பவன் எதற்குக் கணக்குச் சொல்ல வேண்டியவனோ அதற்கே கணக்குச் சொல்லும்.

ஸ்வீடனின் வடக்கே சாமி என்ற பெயருள்ள பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். ரெயின்டீர் என்னும் பனிமான்களை மேய்ப்பது அவர்கள் தொழில். பனிக்காலத்தில் அந்த மான்களுக்கு ஆகாரம் தரையிலும் மரத்திலும் படரும் லைக்கன். நம் சமையலில் சேரும் கல்பாசிக்கு இது உறவு. மரக் கம்பெனியின் கணக்கில் லைக்கனுக்கு இடமில்லை, அது கன மீட்டரில் அளக்கப்படும் சரக்கல்ல. அறுபது ஆண்டுக் காலத்தில் லைக்கன் செழித்த காடுகளின் பரப்பு 71 சதவிகிதம் குறைந்துபோயிற்று என்று 2016இல் வெளியான ஆராய்ச்சி கண்டது. சாமி மக்கள் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்துவிடவில்லை. 2000ஆம் ஆண்டு முதல் அவர்களுடைய கிராமங்கள், அந்நாட்டு வன இலாகாவின் ஒத்துழைப்போடு, தங்கள் மேய்ச்சல் நிலங்களுக்குத் தாங்களே டிஜிட்டல் வரைபடம் தயாரிக்கத் தொடங்கின. மான் எந்த வழியே போகிறது, எங்கே குட்டி போடுகிறது, எந்தக் காட்டில் லைக்கன் மிஞ்சியிருக்கிறது என்பதையெல்லாம் அதில் ஏற்றினார்கள். கம்பெனி தன் படத்தை விரிக்கும்போது அவர்களும் தங்கள் படத்தை விரிக்கிறார்கள். சண்டை தீர்ந்துவிட்டது என்று சொல்லவில்லை. ஆனால் பேச்சு வார்த்தை மேஜையில் இப்போது இரண்டு வரைபடங்கள் இருக்கின்றன.

எங்கோ பனிப்பிரதேசத்தில் நடப்பது நமக்கெதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். அதே கருவிகள் இங்கேயும் வந்துவிட்டன. நீலகிரி ஜில்லா கூடலூரில் மரங்கள் வெட்டப்பட்டதைப் பற்றி 1995இல் கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 12இல் சுப்ரீம் கோர்ட் பிறப்பித்த உத்தரவுப்படி, அங்கீகரிக்கப்பட்ட வேலைத்திட்டம் இல்லாமல் காட்டில் மரம் வெட்டக்கூடாது. அந்த வேலைத்திட்டத்தை எப்படித் தயாரிப்பது என்பதற்கு மத்திய சர்க்கார் 2014இலும், பிறகு திருத்தி 2023இலும் விதித்தொகுப்பு வெளியிட்டது. செயற்கைக்கோள் படமும் டிஜிட்டல் வரைபடமும் அதில் முக்கிய சாதனங்கள். ஆக, எந்தக் காட்டில் எப்போது எவ்வளவு என்ற தீர்மானம் இனி திரையில் பிறக்கும். அந்தத் திரையின் முன்னால் உட்காருபவர் யார் என்பதில் மலைமக்களுக்கும் விவசாயிக்கும் மரம் வெட்டும் தொழிலாளிக்கும் அக்கறை இல்லாமல் எப்படி இருக்கும்?

இந்த விஷயத்தில் நம் நாட்டுக்குக் கசப்பான அனுபவம் உண்டு. கர்நாடகத்தில் வடகன்னட ஜில்லா தாண்டேலியில் வெஸ்ட் கோஸ்ட் காகித ஆலை ஏற்பட்டபோது, 1958இல், டன் ஒன்றரை ரூபாய் விலையில் மூங்கில் தர சர்க்கார் ஒப்புக்கொண்டது. கூடை முடைந்து வயிறு கழுவும் ஏழை, சந்தையில் அதைப்போல் பல மடங்கு விலை கொடுத்து மூங்கில் வாங்கினான். இத்தனை ஆயிரம் டன் மூங்கில் வருஷாவருஷம் கிடைக்கும், காடு குறையவே குறையாது என்று வன இலாகா புள்ளிவிவரம் காட்டியது. மூங்கில் தீர்ந்துகொண்டே வந்தது. கூடை முடைவோர் முறையிட்டார்கள். 1975இல் கர்நாடக சர்க்கார் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் மாதவ் காட்கிலிடம் ஆராய்ச்சியை ஒப்படைத்தது. அவர் நேரில் சென்று குத்துக் குத்தாக எண்ணிப் பார்த்தபோது, இலாகாவின் கணக்கு சுமார் பத்து மடங்கு மிகை என்பது வெளிப்பட்டது. பத்து மூட்டை இருக்கிறது என்று எழுதி வைத்த களஞ்சியத்தில் ஒரு மூட்டை!

அந்தக் காலத்தில் நல்ல கருவிகள் இல்லை, இன்றைய செயற்கைக்கோள் இருந்திருந்தால் இந்தப் பிழை நேர்ந்திராது என்று வாதம் செய்பவர்கள் இருப்பார்கள். பாதி உண்மை. மீதிப் பாதி அதே கதையில் இருக்கிறது. மூங்கில் குத்தின் அடியில் முள்கிளைகள் பின்னிக்கிடக்கும். அவற்றை வெட்டிச் சுத்தம் செய்தால் மூங்கில் செழிக்கும் என்பது இலாகாவின் விஞ்ஞானம். அப்படியே ஆள் வைத்துச் சுத்தம் செய்தார்கள். உள்ளூர் ஜனங்களோ, முள்ளை எடுத்தால் குருத்தை மாடும் குரங்கும் தின்றுவிடும், முள்தான் குருத்துக்கு வேலி என்று சொன்னார்கள். ஆராய்ந்து பார்த்ததில் ஜனங்கள் சொன்னதே சரியாக இருந்தது. இந்த அறிவை எந்த லேசர் ஒளி மேலிருந்து பார்த்துச் சொல்லும்? காட்டில் பிறந்து வளர்ந்தவனைக் கேட்காமல் தயாரான திட்டம், கருவி எவ்வளவு உயர்ந்ததானாலும் அரைக் கண் பார்வையே.

மேலிருந்து பார்க்கும் கண் எதைக் காடு என்கிறது என்பதும் தெரிந்துகொள்ள வேண்டியதே. மத்திய சர்க்காரின் வன அளவைத்துறை இரண்டாண்டுக்கு ஒரு முறை அறிக்கை வெளியிடுகிறது. ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் நூற்றுக்குப் பத்து பாகம் மரநிழல் விழுந்தால் அது வனப் பரப்பு. நிலம் எவருடையது, மரம் என்ன மரம் என்ற கேள்வி கிடையாது. தைலமரத் தோப்பும் சோலைக்காடும் ஒரே பச்சை. 2024 டிசம்பரில் வெளியான 2023ஆம் ஆண்டு அறிக்கை தேசத்தின் நிலப்பரப்பில் 21.76 சதவிகிதம் வனம் என்று சொல்வது இந்த அளவுகோலின்படிதான். தோப்பைக் காடு என்று எழுதிவிட்டால், காட்டை அழித்து வேறிடத்தில் தோப்பு வைத்தவன் கணக்கில் நஷ்டமே தெரியாது. எவ்வளவு சௌகரியம்!

இதே படம் ஏழையின் விஷயத்தில் மட்டும் கறார் காட்டுகிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி, பரம்பரையாக உழுத காட்டு நிலத்துக்குப் பட்டா கேட்டு மனுச் செய்த ஆதிவாசிகளின் மனுக்களை, செயற்கைக்கோள் படத்தில் சாகுபடி தெரியவில்லை என்று குஜராத் அதிகாரிகள் தள்ளினார்கள். அந்தப் படத்தை மட்டும் ஆதாரமாக வைத்து மனுவைத் தள்ளக்கூடாது என்று 2013 மே மாதம் குஜராத் உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிற்று. 2012ஆம் ஆண்டின் திருத்த விதியிலேயே, செயற்கைக்கோள் படம் மற்ற ஆதாரங்களுக்குத் துணையாகலாம், அவற்றுக்குப் பதிலாகாது என்று தெளிவாக எழுதியிருக்கிறது. கிராமத்துப் பெரியவரின் வாய்மொழியும், பழைய கல்லறையும், கோயிலும், கிணறும் சட்டப்படி ஆதாரங்களே. அப்படியிருந்தும் 2019 பிப்ரவரி 13இல், மனுத் தள்ளப்பட்ட குடும்பங்களை வெளியேற்றச் சொல்லி சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. நாடெங்கும் எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு, அந்த மாதம் 28இல் அந்த உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது.

தமிழ்நாட்டில் நிலைமை என்ன? 2008இல் சென்னை உயர்நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால உத்தரவு காரணமாக, 2016 வரை வன உரிமைப் பத்திரம் வழங்குவதே இங்கே முடங்கிக் கிடந்தது. எட்டு வருஷம்! அந்த எட்டு வருஷத்திலும் காட்டைப் படமெடுப்பது ஒரு நாளும் நிற்கவில்லை.

காட்டுக்கு வெளியே வந்தால் பிரச்சினை வேறு வடிவம் எடுக்கிறது. 1988ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை, ஆலைகள் தங்களுக்கு வேண்டிய மரத்தைச் சர்க்கார் காட்டிலிருந்து எதிர்பார்க்கக்கூடாது, விவசாயிகளிடம் வளர்த்துப் பெற வேண்டும் என்றது. அதன் பலனாக இன்று கடலூர், விழுப்புரம் ஜில்லாக்களின் சவுக்கும், புதுக்கோட்டைச் சீமையின் தைலமரமும் காகிதக் கூழ் ஆகின்றன. சவுக்கு போட்ட சிறு விவசாயி மூன்று நான்கு வருஷம் காத்திருக்கிறான். எந்த வட்டத்தில் எத்தனை ஏக்கர் சவுக்கு எப்போது வெட்டுக்கு வரும் என்பதைச் செயற்கைக்கோள் படத்திலிருந்து கணக்கிட முடியும். அந்தக் கணக்கு வாங்குகிறவன் கையில் மட்டும் இருந்தால் விளைவு என்ன? இந்த மாதம் சரக்கு எங்கும் மலிந்திருக்கிறது என்பது ஆலைக்குத் தெரியும். விவசாயிக்குத் தெரிவது, புரோக்கர் சொல்லும் விலை மட்டும்தான்.

இன்னொன்று. பச்சை மரம் வெட்டிய நிமிஷத்திலிருந்து ஈரத்தை இழக்கிறது. எடை குறைகிறது. ஆலை வாசலில் லாரி நிற்கும் ஒவ்வொரு நாளும், டன் கணக்கில் விற்கும் விவசாயியின் பணம் காற்றில் ஆவியாகிறது. வெட்டும் தேதியையும் ஏற்றும் தேதியையும் வரைபடம் வைத்து ஒழுங்கு செய்து, இன்ன நாள் இன்ன ஊர்ச் சரக்கு என்று சீட்டுக் கொடுத்தால் இந்த நஷ்டத்தைத் தடுக்கலாம். புதிய கருவிகளின் உண்மையான சிக்கனம் இதுதான். ஆனால் இந்தச் சிக்கனத்தால் லாபம் விவசாயிக்கு என்பதால், இதைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

மரம் வெட்டுகிறவன் கதி இதைவிட மோசம். 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் ஜில்லாக்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேர் கொத்தடிமைத்தளையிலிருந்து மீட்கப்பட்டார்கள். இருளர் குடும்பங்கள், குழந்தைகளும் இருந்தார்கள். அற்பத் தொகையை முன்பணமாக வாங்கிய குற்றத்துக்காக வருஷக்கணக்கில் கோடரி பிடித்தவர்கள். மீட்க வந்த அதிகாரியின் காலில் ஒரு முதியவர் விழுந்து கும்பிட்ட படத்தைப் பத்திரிகைகளில் பார்க்காதவர் இருக்க மாட்டார்கள். வானத்திலிருந்து ஒரு தோப்பில் எத்தனை மரம் என்று எண்ணிச் சொல்லத் தெரிந்த நாட்டில், அந்தத் தோப்பில் எத்தனை பேர் அடிமையாக இருக்கிறார்கள் என்று எண்ண ஆளில்லை. கண் தெரியாமல் அல்ல, எண்ணச் சொல்லி எவரும் கேட்கவில்லை.

வேறு வழி இல்லாமல் இல்லை. மகாராஷ்டிரத்தில் கட்சிரோலி ஜில்லாவில் மேந்தா லேகா என்ற சிறிய கோண்டு கிராமம் இருக்கிறது. 2009இல் சுமார் 1800 ஹெக்டேர் காட்டின் மீது அந்தக் கிராமம் சமூக உரிமை பெற்றது. மூங்கில் சிறு வன மகசூல் என்று சட்டத்தில் எழுதியிருந்தும், வன இலாகா மூங்கிலை ஏற்றிச் செல்ல அனுமதிச் சீட்டுத் தர மறுத்தது. கிராமம் விடவில்லை. 2011 ஏப்ரல் 27இல், அப்போதைய மத்திய மந்திரி ஜெய்ராம் ரமேஷ் முன்னிலையில், சீட்டுப் புத்தகமே கிராம சபையிடம் ஒப்படைக்கப்பட்டது. அதன் பின் எந்தப் பகுதியில் எப்போது வெட்டுவது, என்ன கூலி, எவருக்கு விற்பது என்பதைக் கிராம சபை கூடித் தீர்மானித்தது. அது நம் கட்சி நடத்திய போராட்டம் அல்ல. அதனால் அதன் மதிப்பு குறைந்துவிடாது. அப்படிப்பட்ட சபையின் கையில் ஒரு நல்ல டிஜிட்டல் வரைபடத்தைக் கொடுத்துப் பாருங்கள். முள்ளை எடுக்கலாமா என்று அது கம்ப்யூட்டரைக் கேட்காது. தண்ணீர் எங்கே ஓடுகிறது, வண்டி எங்கே இறங்கலாம், அடுத்த வருஷம் எந்தப் பகுதி என்பதற்குக் கம்ப்யூட்டரைக் கேட்கும். கருவிக்கு அதுதான் தகுந்த வேலை.

ஆகவே நாம் கோருகிறோம். தமிழ்நாட்டு வன இலாகாவின் வேலைத்திட்டங்களும், அவற்றுக்கு ஆதாரமான வரைபடங்களும் தமிழில், சம்பந்தப்பட்ட கிராம சபையின் முன் வைக்கப்பட வேண்டும். பின்லாந்தில் யாரும் பார்க்கலாம் என்று இருப்பதைச் சித்தேரி மலையிலும் சத்தியமங்கலத்திலும் வாழ்பவன் பார்க்கக்கூடாது என்பதற்கு நியாயம் கிடையாது. சமூக வன உரிமை மனுக்களை விரைந்து முடித்து, எல்லையைக் கிராமத்தார் தாங்களே ஜி.பி.எஸ். கருவி கொண்டு அளந்து குறிக்க வாலிபர்களுக்குப் பயிற்சியும் கருவியும் சர்க்கார் தர வேண்டும். செயற்கைக்கோள் படத்தை மட்டும் காட்டித் தள்ளிய ஒவ்வொரு மனுவையும் மறுபடி விசாரிக்க வேண்டும். மரம் வாங்கும் ஆலைகள் தங்கள் மாதாந்தரக் கொள்முதல் திட்டத்தையும் விலையையும் முன்கூட்டி வெளியிட வேண்டும். ஆலை வாசலில் காத்திருக்கும் நாளுக்கு எடை நஷ்டத்தை ஆலை ஏற்க வேண்டும். எந்த வெட்டுத் திட்டத்திலும் வெட்டும் தொழிலாளியின் பெயரும் கூலியும் வேலை நேரமும் இடம்பெற வேண்டும். அது இல்லாத திட்டத்துக்கு அங்கீகாரமோ, ஆலையின் கொள்முதலோ கூடாது.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 முதலான நாள்களில் கிராம சபைகள் கூடுகின்றன. மலைப் பகுதியிலும் சவுக்கு, தைலமரம் விளையும் வட்டாரங்களிலும் உள்ள விவசாயிகள் சங்கக் கிளைகளும், மலைவாழ் மக்கள் அமைப்புகளும், மரம் வெட்டும் தொழிலாளர்களும் அடுத்து வரும் கூட்டத்திலேயே இக்கோரிக்கைகளைத் தீர்மானமாகக் கொண்டுவந்து, நகலைக் கலெக்டருக்கும் மாவட்ட வன அதிகாரிக்கும் அனுப்ப வேண்டும்.